வலி மாத்திரை: போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மெடிக்கல் ஷாப்பில் போய் "அண்ணே, ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கைக்கு எது வேண்டுமானாலும் வரலாம். டோலோ வரலாம், காம்பிஃப்ளாம் வரலாம், ஜீரோடால்-பி வரலாம், பெயரே தெரியாத நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்தும் தரலாம். எல்லாமே வலியைக் குறைக்கும். ஆனால் ஒன்று கல்லீரலில் கை வைக்கும், ஒன்று வயிற்றில், இன்னொன்று சிறுநீரகத்தில். யாருக்கு எது ஆகாது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

கவுண்டருக்கு உள்ளே நின்று பார்த்தவரை, வலி மாத்திரையால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று தெரியாமல் போடுவதால்தான் வருகின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்

முன்பக்கம் பளிச்சென்று இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் வெள்ளித் தாளில் நெருக்கமான எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். எழுத்து தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அட்டையை ஓரத்தில் வெட்டி இரண்டு மாத்திரை மட்டும் வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே நின்றுவிடும். முழு அட்டை வாங்க வேண்டாம் என்றால் வாங்கும்போதே அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் அதிகம் புழங்கும் பெயர்களைப் பார்ப்போம். டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் அடிப்படையில் பாராசிட்டமால். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் உண்டு. ஜீரோடால்-பி என்றால் அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. அதோடு செராஷியோபெப்டிடேஸ் என்ற நொதி சேர்ந்தால் ஜீரோடால்-எஸ்பி. வீக்கம் வடிய வேண்டும் என்று அதைச் சேர்க்கிறார்கள். வேலை செய்கிறது என்பதற்கான ஆதாரம் பலவீனமானது, என்னைக் கேட்டால் காசுக்குக் கேடு. வோவரான் டைக்ளோஃபெனாக். மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃப்டால்-ஸ்பாஸில் மெஃபெனமிக் ஆசிடும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமினும் உள்ளன. டிஸ்பிரின் ஆஸ்பிரின். நைஸ் என்பது நிமிசுலைடு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? காய்ச்சலும் உடம்பு வலியுமாக ஒருவர் படுத்திருக்கிறார். வீட்டில் இருந்த டோலோ 650-ஐ வேளைக்கு ஒன்றாக மூன்று போடுகிறார்: 1,950 மி.கி. இடுப்பு வலிக்கு முன்பு எழுதிக்கொடுத்த ஜீரோடால்-பி மிச்சம் இருக்கிறது, காலை ஒன்று, இரவு ஒன்று: 650 மி.கி. மூக்கு ஒழுகுகிறதே என்று சளி மாத்திரை மூன்று வேளை. அந்த மாத்திரைகள் பலவற்றில் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கும்: 1,500 மி.கி. கூட்டிப் பாருங்கள், 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச அளவு 4,000 மி.கி. தான். அவரைக் கேட்டால் "டோலோ மூணே மூணுதான் போட்டேன்" என்பார். பொய்யே இல்லை.

2. எந்த மருந்து எந்தக் குடும்பம்

மூன்றே குடும்பங்கள். முதலாவது பாராசிட்டமால், தனிக்கட்டை. இரண்டாவது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், நாப்ராக்ஸன், பைராக்ஸிகாம், எட்டோரிகாக்ஸிப், நிமிசுலைடு, ஆஸ்பிரின் என்று நீளும் பெரிய கூட்டுக்குடும்பம். ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், பேச்சில் 'பெயின் கில்லர்'. மூன்றாவது டிரமடால், டாபென்டடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி மூளையில் வேலை செய்து வலியை அடக்குபவை.

முதல் குடும்பத்தையும் இரண்டாவதையும் மருத்துவர் சொன்னால் சேர்த்துப் போடலாம். ஆனால் இரண்டாவது குடும்பத்துக்குள்ளேயே இரண்டைச் சேர்க்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் போட்டு வலி அடங்கவில்லை என்று மேலே ஒரு டைக்ளோஃபெனாக் போட்டால் நிவாரணம் அவ்வளவாகக் கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்துதான் கூடும்.

3. பாராசிட்டமால்: சரியான அளவில் போட்டால் சாது

காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். வயிற்றைப் புண்ணாக்காது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தேவைப்பட்டால் எடுக்கலாம். 500 அல்லது 650 மி.கி. ஒரு வேளைக்கு. அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி. 4,000 மி.கி. என்பது எல்லை, தினமும் எட்ட வேண்டிய இலக்கு கிடையாது. ஐம்பது கிலோவுக்குக் குறைவான எடை, வயது முதிர்ந்தவர், சரியாகச் சாப்பிடாதவர், தினமும் குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் எல்லை இன்னும் கீழே இறங்கும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

குடிப்பவருக்கும் பட்டினி கிடப்பவருக்கும் ஏன் தனிக் கணக்கு? பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது சிறு பகுதி ஒரு நச்சுப் பொருளாக மாறும். குளூட்டாதியோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்க வைக்கும். அளவு மீறினால் குளூட்டாதியோன் தீர்ந்துவிடும், நச்சு கல்லீரல் செல்லையே தாக்கத் தொடங்கும். நாள்பட்ட குடியில் நச்சு அதிகமாக உருவாகிறது. பட்டினியில் குளூட்டாதியோன் கையிருப்பு குறைகிறது. ராத்திரி குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு வெறும் வயிற்றில் இரண்டு மூன்று போடுகிறவர் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறார்.

அளவுக்கு மீறிப் போட்டவருக்கு முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் கொடுமை. கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவே. சிலருக்கு அதுவும் இருக்காது. கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். இதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் பயன் உண்டு. எனவே தெரிந்தோ தெரியாமலோ அதிகமாகப் போட்டுவிட்டால் "ஒண்ணும் செய்யலையே" என்று காத்திருக்காமல், காலி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4. குழந்தைக்குச் சிரப் ஊற்றும் முன்

பெரியவர்கள் விஷயத்தில் இருக்கும் கவனம் குழந்தைகள் விஷயத்தில் போதாது. "மூடி நிறைய ஊத்துனேன்" என்பதுதான் வழக்கமான பதில்.

குழந்தைக்குக் கணக்கு வயதை வைத்துப் போடுவதைவிட எடையை வைத்துப் போடுவது சரி. பாராசிட்டமால் என்றால் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி. வரை. பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மி.கி. இங்கேதான் வினை. கடையில் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மி.கி. இருக்கும். ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லியில் 120 மி.கி., இன்னொன்றில் 5 மில்லியில் 250 மி.கி. அதே 150 மி.கி.க்குச் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 120 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. போன முறை டாக்டர் "6 மில்லி" என்று சொன்னதை நினைவில் வைத்து 250 சிரப்பில் 6 மில்லி ஊற்றினால் இரட்டிப்பு. சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து 6 மில்லி எடுத்தால் நான்கு மடங்கு. பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மி.கி. எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டீ ஸ்பூன் வேண்டாம், வீட்டுக்கு வீடு அளவு மாறும். ஊசி இல்லாத சிரிஞ்ச் மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதில் அளந்தால் ஒரு சொட்டு பிசகாது. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பைத் தேட வேண்டாம், டாக்டரைத்தான் தேட வேண்டும்.

காய்ச்சல் இறங்கவில்லை என்று மெஃபெனமிக் ஆசிட் சிரப்பையோ ஐபுப்ரோஃபெனையோ சொந்தமாகச் சேர்க்காதீர்கள். சின்னம்மை போட்டிருக்கும்போது ஐபுப்ரோஃபென் கொடுத்தால் தோலில் கடும் தொற்று வரும் ஆபத்து உண்டு. வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. நிமிசுலைடைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று இந்தியா 2011-இல் தடை போட்டது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதியே கிடைத்ததில்லை. ஆஸ்பிரினைப் பதினாறு வயதுவரை தொடவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் கொடுத்தால் ரை நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கேடு வரலாம். சில நோய்களுக்குக் குழந்தை மருத்துவரே எழுதுவார், அது வேறு.

5. பெயின் கில்லர் குடும்பம்: வலியை நிறுத்தும் அதே கை

அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்கிறது. முழங்காலில் மட்டும் நிறுத்து, வயிற்றில் நிறுத்தாதே என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது.

ஊசியாகப் போட்டால் வயிறு தப்பிக்கும் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. தப்பிக்காது. மருந்து ரத்தத்தில் கலந்துதான் வயிற்றுச் சுவரையும் அடைகிறது, இடுப்பில் குத்தினாலும் விழுங்கினாலும் அதே கதைதான்.

வயிற்றைக் குறைவாகப் பாதிக்கும்படி உருவாக்கிய ரோஃபிகாக்ஸிப், மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. பிறகு மற்றவற்றையும் தோண்டியபோது, ஆஸ்பிரின் நீங்கலாக இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் அந்தக் குணம் கூடக் குறைய இருப்பது தெரிந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து பயன்படுத்திய முதல் சில வாரங்களிலேயே தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. டைக்ளோஃபெனாக்கும் எட்டோரிகாக்ஸிபும் இதய நோயாளிகளுக்கு ஆகாத பட்டியலில் முன்னால் நிற்பவை.

கழுகுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அடித்து நொறுக்கியது. இந்தியாவில் பாறுக் கழுகு இனங்கள் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டன. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பதால் 2015-இல் குப்பியின் அளவையும் 3 மில்லியாகச் சுருக்கினார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சிய கூட்டம் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறது. கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு, உண்மைதான். ஆனாலும் "சாதாரண வலி மாத்திரைதானே" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

6. உங்களுக்கு இது ஆகுமா?

பெயின் கில்லர் வாங்கும் முன் பார்மசிஸ்ட் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா? நம் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களில் பலர் போடுகிறார்கள், அவர்களுக்கே மூட்டு வலியும் இருக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை ஒரு பக்கம். சிறுநீரைப் பிரிக்கும் நீர் மாத்திரை இன்னொரு பக்கம். இவை இரண்டும் சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும், டெல்மிசார்டன் பெயருக்குப் பின்னால் எச் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். இவற்றோடு மூன்றாவதாகப் பெயின் கில்லர் வந்து சேர்ந்தால் சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறைந்துபோகும். அன்று வாந்தி பேதியும் இருந்தால், அல்லது சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலிலோ கட்டட வேலையிலோ நின்றிருந்தால், சில நாட்களில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். தவிர, பெயின் கில்லர் தானாகவே பிரஷரை ஏற்றும். "மாத்திரை போட்டும் பிரஷர் கட்டுப்படலே" என்பவர்களிடம் மூட்டு வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் காரணம் சில நேரம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் தினம் 75 மி.கி. ஆஸ்பிரின் போடுவார்கள். ஐபுப்ரோஃபென் அந்த ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆஸ்பிரினின் பயன் குறைந்துபோகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து. இவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் பெயின் கில்லர் பக்கமே போக வேண்டாம். வலிக்காகப் போடவில்லையே என்று ஆஸ்பிரினைச் சொந்தமாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போட்ட சற்று நேரத்தில் மூச்சுத் திணறல் வரும். முன்பு அல்சர் இருந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், சிறுநீரகம் பழுதானவர், முற்றிய கல்லீரல் நோய் உள்ளவர், இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர், இவர்களுக்கும் வேண்டாம்.

கர்ப்பிணிகள் இருபதாவது வாரத்திலிருந்து இந்தக் குடும்பத்தைத் தவிர்க்க வேண்டும். குழந்தையின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் குறையும். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பிரஷர் ஏறாமல் இருக்க மகப்பேறு மருத்துவர் எழுதும் குறைந்த அளவு ஆஸ்பிரின் விதிவிலக்கு, அதைத் தொடரலாம்.

7. மழைக்காலக் காய்ச்சலில் பெயின் கில்லர் வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் அது டெங்கு இல்லை என்று தெரியும்வரை டெங்கு என்றே நினைத்து நடக்க வேண்டும். டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். அந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், மெஃபெனமிக் ஆசிட் எதுவும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்தான், அதையும் எல்லைக்குள்தான். டெங்கு கல்லீரலையும் தொடும். எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும், அங்கும் பெயின் கில்லர் ஆகாது.

உடம்பை முறித்துப் போடும் வலி இருக்கும், மறுக்கவில்லை. "டாக்டர், ஒரு ஊசி போட்டாத்தான் வலி அடங்கும்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலுக்குக் குத்தும் ஊசியில் டைக்ளோஃபெனாக் இருக்கலாம். தட்டணு குறைந்த உடம்பில் தசையில் குத்தினால் குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டும். எனவே ஊசியைக் கேட்காதீர்கள், போட வந்தால் என்ன மருந்து என்று கேளுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், காய்ச்சலுக்கு ஈரத்துணியால் துடைத்து, கஞ்சி, மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் கொடுங்கள்.

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்துக் காலம் தொடங்கும். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று இருக்கும்போது கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல் தெரிந்தால் அப்போதே ஆஸ்பத்திரி.

8. போடுவதென்றால் எப்படிப் போடுவது

குறைந்த அளவு, குறைந்த நாள். தசைப்பிடிப்பு, சுளுக்கு, பல்வலி, மாதவிடாய் வலி என்றால் இரண்டு மூன்று நாள் போதும். அதற்குள் அடங்காவிட்டால் அடுத்த அட்டை வாங்குவதற்குப் பதில் காரணம் என்னவென்று காட்டுவதே சரி. பல்வலி மாத்திரையால் அடங்கினாலும் சீழ் அங்கேயேதான் இருக்கும்.

ஐபுப்ரோஃபென் சொந்தமாக எடுப்பதென்றால் ஒரு நாளைக்கு 1,200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. இரண்டு வேளை, அவ்வளவே. சாப்பிட்ட பிறகு, ஒரு தம்ளர் தண்ணீரோடு. சாப்பாடு எரிச்சலைக் குறைக்கும், புண் வராது என்று உத்தரவாதம் தராது. கேஸ் மாத்திரை கூடவே போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வயதானவர், அல்சர் வந்தவர், பல நாள் போட வேண்டியவர் என்றால் மருத்துவரே பாண்டோப்ரசோல் மாதிரி ஒன்றை எழுதுவார், பயன் உண்டு. அது வயிற்றை மட்டும் காக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

எஸ்ஆர் என்று போட்ட மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் கரைந்துவிடும்.

முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்பு டைக்ளோஃபெனாக் ஜெல்லை முயன்று பாருங்கள். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, முதியவர்களுக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். தடவியபின் அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், புண்ணில் தடவாதீர்கள். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் மாத்திரையைவிட நீண்ட நாள் கைகொடுக்கும். யாரும் கேட்க விரும்பாத பதில்தான்.

மெஃபெனமிக் ஆசிட் பற்றி ஒரு குறிப்பு. 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் இதற்கு ஓர் எச்சரிக்கை விட்டது. அரிதாக, போடத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துக்கூட, தோல் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று ஒரு கடும் ஒவ்வாமை வரலாம். மாதத்தில் இரண்டு நாள் போடும் பெண்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆனால் தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

9. செட் மாத்திரை

கூலி வேலை முடித்து வருகிறவர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க." பொட்டலத்தில் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, பொடிசாக இன்னொன்று. காலையில் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். பல இடங்களில் அந்தப் பொடிசு டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. அந்தச் சுகத்துக்கு அதுதான் காரணம்.

ஸ்டீராய்டும் பெயின் கில்லரும் சேர்ந்தால் வயிற்றுப்புண் ஆபத்து பல மடங்காகும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், முகம் உப்பும், எலும்பு பலவீனமாகும். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க முடியாமல் சரிந்துவிடும். எனவே நீண்ட நாளாகச் செட் போடுகிறவர்களிடம் "இன்றோடு விட்டுவிடு" என்று சொல்வது தப்பு. மருத்துவரிடம் அழைத்துப் போய், போட்டதைச் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வைக்க வேண்டும்.

நடுவில் நிற்கிற கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்தான் செட் கேட்கிறார். அவருக்கு நான் சொல்லக்கூடியது: அட்டை இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் அட்டையை அட்டையாகவே வாங்குங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில் எழுதித் தர வேண்டிய மருந்து.

10. அடிக்கடி தலைவலிக்கிறவர்களுக்கு

தலைவலிக்கு மாத்திரை போட்டே தலைவலி வரும். மாதத்தில் பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல் பாராசிட்டமாலோ பெயின் கில்லரோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மூளை அதற்குப் பழகி, மருந்து இறங்கும்போதெல்லாம் வலியைக் கிளப்பும். கேஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். காலண்டரில் மாத்திரை போட்ட நாளைச் சுழித்து வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து, அந்தக் காலண்டரையே மருத்துவரிடம் காட்டலாம்.

11. டிரமடால் வகை

அறுவை சிகிச்சைக்குப் பின்பும் புற்றுநோய் வலிக்கும் இவை தேவை, அங்கே பயந்து மறுக்கக் கூடாது. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மயக்கம், மலச்சிக்கல், வலிப்பு, மூச்சு மந்தம், அடிமைப்பழக்கம் எல்லாம் இதன் சொத்து. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேரவே கூடாது. டாபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இங்கே இளைஞர்களிடம் பரவியிருப்பதால், வீட்டில் யாருக்காவது எழுதியது மிஞ்சினால் அலமாரியில் விட்டு வைக்காதீர்கள்.

12. மாத்திரையைத் தேடாமல் ஓட வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் கேஸ் என்று நினைத்து வலி மாத்திரையும் சோடாவும் குடித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இடி விழுந்தாற்போல் திடீரென்று வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, வாய் கோணல், அடிவயிற்று வலியோடு வயிறு கல்லாக இறுகுதல், இவற்றுக்கும் அதேதான்.

ஏற்கெனவே பெயின் கில்லர் போடுகிறவர் கவனிக்க வேண்டியவை வேறு. மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா? இரும்புச்சத்து மாத்திரையாலும் கருக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட வாடையும் தலைச்சுற்றலும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. சிறுநீர் குறைகிறதா, முகமும் காலும் வீங்குகிறதா, கண் மஞ்சளாகிறதா, உதடு தடிக்கிறதா? மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். போகும்போது பிரஷர், சுகர் மாத்திரை உட்பட வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சிவப்பா, ரவுண்டா ஒரு மாத்திரை" என்பதை வைத்து எந்த மருத்துவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

வேண்டுமென்றே அதிகமாகப் போட்டவர் என்றால், எதற்காக என்று விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் 108. மனம் கனத்துப்போனவர்கள் பேச 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

மருந்தால் ஒவ்வாமையோ பாதிப்போ வந்தால் நீங்களே புகார் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. கேட்கும்போது மருந்தின் பெயர், அளவு, அட்டையில் உள்ள பேட்ச் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.